ஒரே துக்கம் பாட்டில் தணிகிறது. படத்தில் ஏன் வலிக்கிறது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம்.

என் தாயார் சென்ற தை மாதம் காலமானார். ஆறுதல் வேண்டி இதை எழுதவில்லை. அதற்கு உறவினர்கள் போதிய அளவுக்கு இருக்கிறார்கள். அவர் மறைந்த பிறகு என் மனம் நடந்துகொள்ளும் விதத்தில் எனக்கு விளங்காத ஒன்று உள்ளது. இசையிலும் நிழற்படத்திலும் இலக்கியத்திலும் தோய்ந்தவர்கள் முன் அதை வைத்தால் ஏதேனும் தெளிவு பிறக்கக்கூடும் என்ற எண்ணத்தில் கேட்கிறேன்.

இரவில் வேலைகள் முடிந்து வீடு அடங்கிய பிறகு, வயலினில் வாசித்த சுபபந்துவராளி ராக ஆலாபனை (பாடல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது) ஒன்றைக் கேட்பதை வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன். சோகத்துக்கே உரிய ராகம் என்று எல்லாரும் சொல்வது அது. கேட்கும்போது நெஞ்சு அடைக்கிறது, சில நாள்களில் கண்ணீரும் வருகிறது. ஆனால் வாசிப்பு முடிந்ததும் பாரம் இறங்கியது போலிருந்து, நல்ல உறக்கமும் வந்துவிடுகிறது. கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மாவின் படமோ இதற்கு நேர்மாறு. அது சோகமான படமும் அன்று. வங்கிக் கணக்குக்காக எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு வாங்கினோம். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. காலையில் விளக்கேற்றிப் பூ வைத்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டே திரும்பிவிடுகிறேன். தவறிப் பார்த்துவிட்டால் அன்று முழுவதும் மனம் எதிலும் ஒட்டுவதில்லை. அந்தப் படத்தையே நாள்தோறும் கண்டுகொண்டிருந்தால் அம்மாவின் உண்மையான முகம் மறந்துபோகுமோ என்ற அச்சம் வேறு.

வாசிப்பு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கையில் புறநானூற்றின் 112ஆம் பாடலை உரக்கப் படிக்க நேர்ந்தது. பாரியின் மகளிர் பாடிய அந்த ஐந்து அடிகளில், ‘யாம் எந்தையும் இலமே’ என்ற இடத்துக்கு வந்தபோது குரல் எழவில்லை. மகள்தான் மீதியைப் படித்தாள். அதன் பின் மனம் கனத்தே இருந்தாலும் கலங்கவில்லை. ஒருவகையில் உறுதிப்பட்டிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுபபந்துவராளியைக் கேட்க முடிகிற என்னால் நீலாம்பரியைக் கேட்க முடியவில்லை. அம்மா எங்களைத் தூங்கவைக்க முணுமுணுத்த மெட்டு அந்த ராகத்தில் அமைந்தது. சோகத்துக்கும் நீலாம்பரிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் எங்கேனும் ஒலித்தால் எழுந்து போய்விடுகிறேன்.

துக்கம் ஒன்றுதான், அது வந்து சேரும் வழிக்கு ஏற்ப இப்படி வெவ்வேறாக நடந்துகொள்வது ஏன்? இது ராகத்துக்கும் படத்துக்கும் இயல்பாகவே உள்ள குணமா, அல்லது நம் பழக்கம் கற்பித்ததா?

மந்தர ஸ்தாயி:

வணக்கம். பல ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்கள் கேள்வியின் இசைப் பகுதிக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், ராகத்துக்கு இயல்பான குணம் உண்டா என்பது. வகுப்பில் நான் அடிக்கடி செய்துகாட்டும் ஒரு சோதனை உண்டு. ஒரு கட்டைச் சுருதியில் ஆர்மோனியத்தில் மோகனத்தை வாசித்துக்காட்டுவேன். ஐந்தே ஸ்வரங்கள், ஐந்தும் வெள்ளைக் கட்டைகள். கேட்கும் பிள்ளைகளின் முகம் மலரும். பிறகு ‘க’ என்னும் காந்தாரத்தை மட்டும் அதற்கு இடப்புறத்துக் கருப்புக் கட்டைக்கு நகர்த்துவேன், அதாவது அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிவிடும். மற்ற நான்கும் அப்படியேதான் இருக்கும், ஆனால் ராகம் சிவரஞ்சனி. வகுப்பில் ஒருவரும் பேசமாட்டார்கள். நீங்கள் கேட்கும் சுபபந்துவராளியும் இதே கணக்குத்தான். 51ஆவது மேளமான (தாய் ராகமான) பந்துவராளியில் அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண காந்தாரத்தை வைத்தால் 45ஆவது மேளமான சுபபந்துவராளி கிடைத்துவிடும். இந்த இரண்டு இணைகளையும் கேட்ட எவருக்கும், சோகம் என்பது அந்த ஒற்றை ஸ்வரத்தில்தான் ஒளிந்திருக்கிறது என்று தோன்றும்.

அது அவசர முடிவு. அதே சாதாரண காந்தாரம் ஸ்ரீராகத்திலும் இருக்கிறது. அதைவிட மங்களகரமான ராகத்தைச் சொல்வது கடினம். சுத்த தன்யாசியிலும் ஹிந்தோளத்திலும் இருக்கிறது. அவற்றைக் கேட்டு யாரும் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. ஆகவே ஸ்வரம் நிற்கும் இடமான ஸ்வரஸ்தானம் பாதி வேலையைத்தான் செய்கிறது. காலப்பிரமாணம் எனும் வேகமும், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தின் நீளமும், எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதும், இவற்றுக்கெல்லாம் மேலாக எந்தச் சூழலில் அந்த ராகத்தை முதன்முதலாகக் கேட்டோம் என்பதும் சேர்ந்தே மீதியைச் செய்கின்றன. தேசத் தலைவர்கள் காலமான நாள்களில் வானொலி தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு வீணையையும் வயலினையும் ஷெனாயையும் மட்டும் ஒலிபரப்பும். அந்த நாள்களை வீட்டில் கழித்தவர்களுக்குச் சில ராகங்கள் துக்கத்தோடு ஒட்டிப்போனதில் வியப்பில்லை. திரையிசையும் தன் பங்குக்குச் சிவரஞ்சனியைப் பிரிவுக் காட்சிகளின் சொத்தாக்கிவிட்டது.

‘முகாரி பாடாதே’ என்று பேச்சுவழக்கில் புலம்பலுக்குப் பெயராகவே ஆகிவிட்ட முகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை எப்படி வருணிப்பேன் என்று வியந்து பாடும் ‘எந்தநினே’ என்ற கிருதியை அந்த ராகத்தில்தான் அமைத்திருக்கிறார். இராமனைக் கண்ணாரக் கண்டு, கனி கொடுத்து உபசரித்த ஒருத்தியின் பேறு அது. புலம்பலுக்கு அங்கே இடமே இல்லை. அழுகை ராகம் என்று நாம் முத்திரை குத்திய ஒன்றில் அவருக்கு நெகிழ்ச்சி கேட்டிருக்கிறது. நீலாம்பரி உங்களை எழுந்து போகச் செய்வதும் இதன் மறுபக்கமே. சங்கராபரணத்தின் வழிவந்த அந்த ராகத்தில் தூளிப் பாட்டின் அசைவு உண்டு, சோகம் இல்லை. அதில் உங்களுக்கு மட்டும் கேட்பது உங்கள் தாயாரின் குரல். அதை ராகத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அப்படியானால் சுபபந்துவராளி ஏன் பாரத்தை இறக்குகிறது? என் அனுபவத்தில் இதற்கு விடை காலத்தில் இருக்கிறது. ஆலாபனையைத் தொடங்குகிறவர் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரமாக நின்று, மேலே தாரஸ்தாயி வரை ஏறி, பிறகு எப்படியும் ‘ஸ’ என்னும் ஆதார ஷட்ஜத்துக்கு வந்தே தீர வேண்டும். அடியில் தம்பூரா தொடக்கம் முதல் இறுதி வரை அந்த ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு தூரம் போனாலும் திரும்ப ஓர் இடம் உண்டு என்பது கேட்பவருக்குக் காது வழியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். உங்கள் துக்கம் அந்த வயலினோடு கிளம்பிப் போய் அதோடு திரும்பி வருகிறது. வாசிப்பு முடியும்போது அதற்கும் ஒரு முடிவு கிடைத்துவிடுகிறது. நிழற்படத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது எப்போது பார்த்தாலும் அதே நொடியில் நிற்கிறது. ஆகவே அது வலிப்பது இயல்பு என்றே எண்ணுகிறேன்.

நீலாம்பரியை வற்புறுத்திக் கேட்க வேண்டாம். தானாக வரும்போது வரட்டும்.

இருட்டறை:

மேலே எழுதிய இசையாசிரியர் மீது மதிப்பு உண்டு. ஆனால் அவர் கடைசியில் நிழற்படத்தின்மீது போட்ட பழியை ஏற்க இயலாது. என் தந்தையார் ஸ்டுடியோ வைத்திருந்தார். நானும் பிலிம் காலத்தில் தொடங்கி இன்றுவரை இதே தொழிலில் இருக்கிறேன். உங்களை வலிக்கச் செய்வது நிழற்படம் என்ற கலை அன்று. கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தக் குறிப்பிட்ட படம்தான் என்பது என் துணிபு.

அந்தப் படம் எப்படி உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் தாயார் வங்கி வேலைக்காக ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் அவரை முக்காலியில் உட்காரவைத்து, ‘முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கம்மா, இங்கே பாருங்க, சிரிக்காதீங்க’ என்று சொல்லியிருப்பார். அடையாளத்துக்கான படத்தில் உணர்ச்சி இருக்கக் கூடாது என்பது விதி. அவர் வாழ்நாளில் உங்களைப் பார்த்து ஒரு முறைகூட அந்த முகத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அதைப் பெரிதாக்கும்போது கணினியில் சுருக்கங்களை நீக்குகிறோம், கலைந்த முடியைச் சீராக்குகிறோம், பின்புறத்தை நீலமாக்குகிறோம். வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பது அது, நாங்களும் மறுப்பதில்லை. கடைசியில் கூடத்துக்கு வந்து சேர்வது உங்கள் தாயாருக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் முகம் என்றே சொல்லலாம். கண் அவரைத் தேடுகிறது, அங்கே அவர் இல்லை. மனம் ஒட்டாமல் போவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இந்த வழக்கம் இன்றைக்கு வந்ததும் அன்று. வாழ்நாளில் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் இறந்தவர்கள் அந்நாளில் ஏராளம். இறந்த பின்பே ஸ்டுடியோவுக்கு ஆள் வரும். நாற்காலியில் சாய்த்து வைத்து, மாலை போட்டு, குடும்பத்தார் சூழ்ந்து நிற்க எடுப்பார்கள். பிறகு அதிலிருந்து முகத்தை மட்டும் தனியே பெரிதாக்கி, மூடிய இமைகளின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண்களை வரைந்து கொடுப்பார்கள். என் தந்தையார் அதில் கைதேர்ந்தவர். இரண்டு கண்மணிகளிலும் ஒரே திசையில் ஒரு வெண்புள்ளி வைக்க வேண்டும், அது சற்று விலகினாலும் பார்வை பிசகிவிடும் என்பார். அந்தப் படங்களை வாங்கிப்போன குடும்பங்கள் அவற்றை நிறைவோடு கும்பிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். அவை வழிபாட்டுக்கு உரியவை, நினைவுக்கு உரியவை அல்ல. உங்கள் கூடத்துப் படமும் அந்த வகைதான். பூ வைப்பதற்கு அது போதும். அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1977இல் தன் தாயை இழந்தபின் நிழற்படத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1980இல் வெளிவந்தது. தாயின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறார், எதிலும் அவர் அகப்படவில்லை. இறுதியில், தாய் ஐந்து வயதுச் சிறுமியாகக் குளிர்காலத் தோட்டம் எனப்படும் கண்ணாடிக் கூடத்தில் நிற்கும் பழைய படம் ஒன்றில்தான் அவரைக் கண்டுகொள்கிறார். அதாவது, அவர் நேரில் பார்த்தே இராத வயதில். நூல் முழுவதும் படங்கள் இருந்தும் அந்த ஒரு படத்தை மட்டும் அவர் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு படமாகத்தான் இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எந்தப் படத்தில் ஒருவர் அகப்படுவார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆகவே என் யோசனை இது. உங்கள் வீட்டில் பழைய ஆல்பங்கள் இருந்தால், அவற்றின் பின்னட்டையிலோ தனி உறையிலோ நெகட்டிவ் சுருள்கள் இருக்கும். 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படங்கள் எடுக்கலாம். அக்காலத்தில் பிரிண்டுக்குச் செலவு என்பதால் ‘நன்றாக வந்தவை’ மட்டுமே கழுவப்பட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியவை அந்த ஒதுக்கப்பட்டவற்றில் இருக்கும். பந்தியில் பரிமாறிக்கொண்டே யாரையோ திரும்பிப் பார்ப்பது, கண்ணை மூடிவிட்டது, சிரிப்பு வந்து அசைந்துவிட்டது போன்றவை. ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து எடுத்த சட்டகங்களை வரிசையாகப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அவர் கை எங்கிருந்து எங்கே போயிற்று என்பது தெரியும். இசையாசிரியர் இல்லையென்று சொன்ன காலம் அங்கே இருக்கிறது. சுருளை ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடாமல் முழுச் சட்டகத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள், மேல்பூச்சு பெயர்ந்துவிடும்.

ஏட்டுச்சுவடி:

இருவர் கருத்தையும் படித்தேன். இருவருமே வாசிப்பைத் தொடாமல் விட்டதால் நான் தலையிடுகிறேன். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள்.

துக்கத்துக்கு முடிவு கிடைப்பதால் பாரம் இறங்குகிறது என்று இசையாசிரியர் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் அது முழு விடையாகாது. அந்த அளவுகோலின்படி, ஐந்தடிப் பாடல் அரை நிமிடத்தில் முடிந்துவிடுவதால் இன்னும் விரைவாக ஆறுதல் தர வேண்டும். நீங்களோ அங்கே குரல் எழாமல் நின்றிருக்கிறீர்கள். வேறொன்றும் நடந்திருக்கிறது.

தொல்காப்பியம், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பற்றிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கைச் சொல்கிறது. பிறர் இகழ்ந்ததால் அழுவதும், இழந்ததால் அழுவதும், முன்பிருந்த நிலை தாழ்ந்ததால் அழுவதும், இல்லாமையால் அழுவதும் வெவ்வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பாரி மகளிர் பாடலில் இவற்றில் இழவும் அசைவும் வறுமையும் இருக்கின்றன. தந்தையை இழந்தார்கள், குன்றை இழந்தார்கள், மன்னன் மகளிராக இருந்த நிலை போயிற்று, போக்கிடமும் இல்லை. இவ்வளவு இருந்தும் பாடலில் அழுகிறோம் என்ற ஒரு சொல்கூட இல்லை. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்’ என்று தொடங்கி, ‘இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்’ என்று அதே அமைப்பில் இரண்டாம் பாதியை வைத்துவிட்டு, அன்றைக்கு என்ன இருந்தது, இன்றைக்கு என்ன இல்லை என்று மட்டும் சொல்கிறார்கள். முதற்பாதியில் ‘எந்தையும் உடையேம்’, பிற்பாதியில் ‘எந்தையும் இலமே’. கணக்கு எழுதுவது போன்ற அந்த நேர்மையால்தான் படிப்பவர் உடைகிறார். உங்கள் இழப்பு உங்களுடைய சொற்களில் இல்லாமல், வேறு இருவரின் சொற்களில், அதுவும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டவர்களின் சொற்களில் உங்கள் வாய்வழியே வெளிவந்தது. நீங்கள் உறுதிப்பட்டதாகச் சொல்வது அவர்களிடமிருந்து கடன் பெற்ற உறுதி என்பது என் எண்ணம்.

மௌனமாகப் படித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. உரக்கப் படித்தீர்கள், எதிரில் மகள் இருந்தாள், நீங்கள் நிறுத்திய இடத்தில் அவள் எடுத்துக்கொண்டாள். இது ஒப்பாரியின் முறை. ஒருத்தி பாடி முடிக்கும் இடத்தில் மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்களில், ஒவ்வொருத்தியும் இன்றைய சாவோடு தன் பழைய சாவையும் சேர்த்து அழுவதை எங்கள் ஊரில் வெளிப்படையாகவே சொல்வார்கள். செத்தவரை நேரே முன்னிலைப்படுத்தி ‘என்னைப் பெத்த தாயே’ என்று கூப்பிட்டுப் பேசுவதும் அங்கேதான் நடக்கும். நகரத்து வீடுகளில் அதைக் கைவிட்டுவிட்டு, படத்தின் முன் தனியாக நிற்கிறோம். கூப்பிட வேண்டும் என்று தோன்றும், கூப்பிட முடியாது. படத்தின் முன் நீங்கள் தலைகுனிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வாய்ப்பிருந்தால் புறநானூற்றின் 242ஆம் பாடலையும் படியுங்கள். சாத்தன் என்ற வீரன் இறந்தபின் ஒல்லையூர் நாட்டில் முல்லை பூத்திருக்கிறது. இளையோர் சூடவில்லை, வளையணிந்த பெண்கள் கொய்யவில்லை, பாணன் தன் யாழின் கோட்டால் (தண்டால்) மெல்ல வளைத்துப் பறித்துச் சூடவில்லை, பாடினி அணியவில்லை. ‘முல்லையும் பூத்தியோ?’ என்று குடவாயிற் கீரத்தனார் அந்தக் கொடியைப் பார்த்துக் கேட்கிறார். அன்றாட வாழ்வில் துக்கம் நம்மை மறிப்பது பெரும்பாலும் இப்படித்தான். அம்மா இல்லாத வீட்டிலும் பால்காரர் அதே நேரத்தில் மணி அடிப்பார். நமக்கு அவர்மேல் காரணமில்லாமல் கோபம் வரும். அந்தக் கோபத்தை மரியாதையாகக் கேள்வியாக்கியிருக்கிறார் புலவர்.

அளவுகோல்:

ஒரு சிறு குறுக்கீடு. மூவரும் தத்தம் துறையை வைத்து விளக்குகிறீர்கள். ஆய்வு செய்தவர்கள் கண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சோக இசையைக் கேட்கும்போது என்ன நேர்கிறது என்று தருஃபி, கோயல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டுத் தொகுத்த முடிவுகள் 2014இல் வெளியாகின. சோக இசை எழுப்பும் உணர்வுகளில் அவர்கள் அதிகமாகக் குறிப்பிட்டது சோகம் அன்று. பழைய நாள்களைக் குறித்த ஏக்கம். அந்த ஏக்கத்தில் இனிமையும் கலந்திருக்கும். மொன்றியாலில் சாலிம்பூரும் உடனிருந்தவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையில் போகிறது. மெய்சிலிர்க்கச் செய்யும் இசையைக் கேட்கையில் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அந்த உச்சத்தில் மட்டும் அன்றி, அது வரப்போகிறது என்று எதிர்பார்க்கும் நேரத்திலும், மூளையின் வேறொரு பகுதியில் சுரக்கிறது. மந்தர ஸ்தாயி சொன்ன, ஷட்ஜத்துக்குத் திரும்புவதற்கான காத்திருப்பு இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இந்த ஆய்வில் சோக இசை என்று தனியாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்கள் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தவை அவை. ஆகவே இதை வைத்து அதிகம் கட்டிவிடக் கூடாது.

முகம் மறந்துபோகுமோ என்ற அச்சத்தைப் பற்றி: லிண்டா ஹென்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே கண்ணால் பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்களைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் அருகிழுத்து (ஜூம் செய்து) படமெடுத்தபோது அந்தக் குறை ஏற்படவில்லை. இது படமெடுப்பவர்களைப் பற்றியது, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பவர்களைப் பற்றியது அன்று. எனவே உங்கள் அச்சத்துக்கு இதைச் சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை.

நேர்மையாகச் சொன்னால், தாயை இழந்த ஒருவருக்குப் படம் வலிக்கிறது, பாட்டு ஆற்றுகிறது என்பதைப் பொதுவிதியாகவே எடுத்துக்கொள்ள முடியாது. என் தந்தையின் படத்தை நான் பர்சில் வைத்து நாளும் பார்க்கிறேன், ஒன்றும் ஆவதில்லை; அவர் கேட்ட பழைய வானொலி நிகழ்ச்சியின் முகப்பிசையை என்னால் தாங்க முடிவதில்லை. எனக்கு உங்கள் அனுபவம் தலைகீழாக இருக்கிறது. எதில் அந்த மனிதர் இருந்தாரோ அது வலிக்கும், எதில் அவர் இல்லையோ அது ஆற்றும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இருட்டறை சொல்வதைப் பார்த்தால் உங்கள் கூடத்துப் படம் அதற்கும் அடங்கவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதல்லவா அங்கே வலிக்கிறது.

வைகைக்கரை:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி.

இருட்டறை ஐயா சொன்னபடி மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். என் அத்தை மகள் திருமணத்தின் நெகட்டிவ்கள் கிடைத்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், தேங்காய்ப் பையை எண்ணிக்கொண்டு நிற்கும் அம்மா நான்கைந்து சட்டகங்களில் அடுத்தடுத்து வருகிறார். நெகட்டிவ் என்பதால் முகம் கறுத்து, தலைமுடி வெளுத்திருந்தது. ஆனாலும் எண்ணும்போது உதட்டை ஒருபுறமாகச் சுழிப்பது உடனே தெரிந்துவிட்டது. ஸ்கேன் செய்யக் கொடுத்திருக்கிறேன். கூடத்துப் படத்தை மாற்றலாமா என்று அண்ணனிடம் பேச்செடுத்தேன். முதல் திதி முடியும்வரை வேண்டாம் என்றார். அதுவும் சரியே.

அளவுகோல் சொன்ன கடைசி வரியை வெகுநேரம் யோசித்தேன். அதையொட்டி ஒன்றைக் கேட்டு முடித்துக்கொள்கிறேன். என் பழைய செல்பேசியில் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் இருக்கின்றன. பெரிதாக ஒன்றுமில்லை: ‘வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா’, ‘மாத்திரை தீர்ந்துபோச்சு’ போன்றவை. இவற்றை இன்னும் கேட்கவில்லை. பாட்டைப் போல ஓடி முடிவதும் இதுதான், படத்தைப் போல அவரையே வைத்திருப்பதும் இதுதான். கேட்பதா, விடுவதா என்று தெரியவில்லை. மந்தர ஸ்தாயி அம்மா என்ன சொல்வீர்கள்?

மந்தர ஸ்தாயி:

கேட்பதை ஒத்திப்போடலாம், பத்திரப்படுத்துவதை ஒத்திப்போடாதீர்கள். பழைய செல்பேசியின் மின்கலம் உப்பிக்கொண்டால் அதோடு எல்லாம் போய்விடும். முதலில் அந்தக் கோப்புகளை அப்படியே, வடிவம் மாற்றாமல், கணினியிலும் தனியாக ஒரு பென்டிரைவிலும் நகலெடுங்கள். அண்ணனிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இதைச் செய்ய ஒன்றையும் திறந்து கேட்க வேண்டியதில்லை.

கேட்கும் நாளில் தனியாகக் கேட்காதீர்கள். ஏட்டுச்சுவடி அம்மா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. உங்கள் மகளோ அண்ணனோ பக்கத்தில் இருக்கட்டும். ஹெட்போனும் வேண்டாம், காதுக்குள்ளேயே குரல் ஒலிப்பது முதல் முறைக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும், அறையில் ஒலிக்கவிடுங்கள்.

ஒரு தொழில்முறை எச்சரிக்கையும் உண்டு. இரைச்சல் நீக்கித் தருகிறோம் என்று பலர் முன்வருவார்கள். மூலக்கோப்பில் கைவைக்க விடாதீர்கள். அந்த மென்பொருள்களில் பலவும் குக்கர் விசிலோடு சேர்த்துக் குரலின் மூச்சையும் மழித்துவிடுகின்றன. என் ஆசிரியரின் வகுப்புப் பதிவொன்றை அப்படிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள்; பாட்டு தெளிவாக இருக்கிறது, நடுவில் அவர் எங்களைத் திட்டும் இடங்களில் குரல் யாருடையது என்றே தெரியவில்லை.

நீலாம்பரி மெட்டை அம்மா முணுமுணுத்த பதிவு ஏதேனும் அவற்றில் இருந்தால் தெரிவியுங்கள். தாலாட்டு மெட்டுகள் வீட்டுக்கு வீடு சிறிது மாறும். ஸ்வரப்படுத்தி எழுதித் தருகிறேன், உங்கள் மகள் பாடக் கற்றுக்கொள்ளலாம்.